வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்

மூன்றாவது முறையாக அந்த மாநாட்டிலிருந்து அழைப்பு வந்திருந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒன்றுகூடி, மென்பொருள் எழுதுவதைப் பற்றியே பேசும் மாநாடு. மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எழுதுவதைப் பற்றி நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். வெளியூர், மூன்று நாள். அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முந்தைய இரண்டு முறையும் "வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். அந்த வாக்கியத்தை யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. எழுதியது பெண் என்றால் இரக்கப்பட்டு இரண்டு வரி பதிலும் வரும்.

அன்று காலை எங்கள் மென்பொருள் படுத்துவிட்டிருந்தது. மருத்துவமனைகளுக்காக நோயாளிகளுக்கு நேரம் குறித்து, முந்தின நாளே நினைவூட்டல் அனுப்புகிற மென்பொருள். என் கணினியில் எல்லாச் சோதனையும் பச்சை, அதாவது பாஸ். முந்தின நாள் அதைக் கிளவுடில் ஏற்றிய பிறகு ஒரு செய்திகூடப் போகவில்லை. டாக்டர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததாகத் தகவல்.

கிளவுட் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவரை அலுவலகத்தில் எல்லோரும், அவரைவிட மூத்தவர்கள் உட்பட, கிளவுட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"செய்தி அனுப்புற கம்பெனிகிட்ட நிஜமா கேட்டுப் பார்த்தியாம்மா?"

"சோதனையில நிஜக் கம்பெனியைக் கூப்பிட மாட்டோம்ணே. அந்த இடத்துல, அது மாதிரியே பதில் சொல்ற ஒரு டம்மி வைப்போம்."

"டம்மி என்ன சொல்லுச்சு?"

"அனுப்பியாச்சுன்னு."

"அப்படிச் சொல்லணும்னு யார் எழுதினது?"

"நான்தான்."

"மேல கிளவுட்ல நம்ம சர்வர் முகவரி மாறியிருக்கு. நிஜக் கம்பெனி, நீங்க யாருன்னே தெரியாதுங்குது. இங்க கேள்வியும் நீ, பதிலும் நீ. பாஸ் ஆகாம என்ன செய்யும்?" பேப்பர் கப்பில் மிச்சமிருந்ததைக் குடித்தார். "நீ சொன்ன மாநாட்டுல இதையே பேசு. வேற யாருக்கோ நடந்ததுன்னு சொல்லிக்கோ."

"வீட்டுல ஒத்துக்க மாட்டார்ணே."

"ஏன், என்ன சொன்னார்?"

கணவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பாப்பாவை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்பார். மூன்று நாளா என்பார். போய் என்ன ஆகப்போகிறது என்பார். கடைசியில் டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். குளிக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் இதற்கெல்லாம் பதில் சொல்லி அவரோடு வாதாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

"இன்னும் கேக்கல," என்றேன்.

கிளவுட் அண்ணன் காலி கப்பை என் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நாள் முழுக்க 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் களைத்து வருவதால் வீட்டில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. மூணு நாள்."

"போ."

படுக்கை விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"பாப்பா?"

"நான் இருக்கேன்ல."

"மூணு நாள்ங்க."

"அதைத்தான் இப்ப சொன்னியே."

அவர் பேச வேண்டியதையும் நானே பேசிக்கொண்டிருந்தேன். போய் என்ன ஆகப்போகிறது என்பது மட்டும்தான் பாக்கி.

"போன தடவையும் கூப்பிட்டாங்க, தெரியும். லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டுப் போயிருந்தே," என்றார். "நீ ஒண்ணும் சொல்லல. மேடைன்னா பயம்போல, கேட்டா நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன்."

ஆக, அவரும் எனக்கொரு டம்மி வைத்திருந்தார். அவருடையது என்னுடையதைவிடச் சரியாக எழுதப்பட்டிருந்தது.

இத்தனை நாள் இந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்து நின்றிருக்கிறேன். அவர் பாட்டுக்கு நகர்ந்துகொண்டார். எதிரே மாநாட்டு மண்டபத்தின் முன்னூறு நாற்காலிகள் தெரிந்தன, ஒன்றும் காலியில்லை.

"பயம்தான்," என்றேன். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் வந்தது.

"எப்ப பேசணும்?"

"ரெண்டாம் நாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி. அங்க போய் நின்னு, வாயே திறக்க முடியலன்னா?"

அவர் தன் பக்க முனையை நீவிவிட்டார்.

"சீக்கிரம் சாப்பிட விட்டாங்கன்னு சந்தோஷப்படுவாங்க."

இந்தப் பதிலை அவருக்கு நான் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை. விரிப்பின் முனையை அவர் கையிலேயே திணித்துவிட்டு, போனை எடுத்து 'வருகிறேன்' என்று அடித்தேன். வியர்த்த விரலுக்குத் திரை மசியவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். போய்விட்டது.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டிருக்கலாம்," என்றார். "இந்த முனையைப் பிடி."