மிளகாய்க் கையுறையும் மேப்பிள் மரமும்

மேப்பிள் இலை சிவக்கும் பருவம் வந்தால் என் மனைவி ஒக்பூனின் முகமும் சிவக்கும். முன்னதற்குக் காரணம் பனி, பின்னதற்கு நான். தெற்கு மலைக்கோயிலின் செவ்விலைக் காட்சிக்கு அழைத்துப் போவதாக மணமான புதிதில் வாக்களித்தவன், சியோலில் உள்ள என் மூக்குக்கண்ணாடிக் கடையைக் காரணம் காட்டி ஆண்டுதோறும் தப்பித்து வந்தேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் தெளிவு வழங்கியவன், கட்டியவள் கண்ணுக்கு ஓரிலை காட்டவில்லை.

இவ்வாண்டு அவள் மலையேற்றச் சட்டையும் ஊன்றுகோலும் புதிதாக வாங்கி வந்து வாசற்கதவில் மாட்டியும் சாத்தியும் வைத்தாள்.

"இந்தத் தடவையும் ஏமாத்தினீங்கன்னா, அடுத்த வருஷம் நான் பாட்டுக்குத் தனியாப் போய்க்குவேன். உங்க சோத்துக்கு நீங்களே வழி பாத்துக்குங்க."

நல்ல வேளையாக, ஓய்வுபெற்று அம்மலையடியில் குடியேறிய என் பள்ளித் தோழன் தல்சூ தொலைபேசியில் அழைத்தான்.

"டேய், மலையே பத்திக்கிட்டு எரியுதுடா. சனிக்கிழமை வந்துடு. அன்னிக்கு ராத்திரி மழைங்கறாங்க. அப்புறம் மொட்டைக் கிளைதான். ஆங், பழைய துணி ஏதாவது எடுத்துட்டு வா."

பழைய துணி எதற்கு என்று கேட்காதது என் ஊழ்வினை.

சனிக்கிழமை முற்பகல் அவன் வீட்டு முற்றத்தில் எங்களை எதிர்கொண்டது ஒரு கோஸ் மலை. இரவெல்லாம் உப்பில் ஊறி, குளிர்காலம் முழுக்கத் தின்னும் காரக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சிக்குக் காத்துக் கிடந்தது. அதன் நடுவே, முழங்கைவரை சிவப்பு ரப்பர் கையுறை அணிந்து, மிளகாய்ச் சாந்து சொட்ட, களம் கண்ட கொற்றவைபோல் நின்றாள் தல்சூவின் மனைவி பொங்ரே.

"வாங்க அண்ணே! வாங்க அண்ணி! சரியான நேரத்துல வந்தீங்க."

கிம்ச்சி போடும் முற்றத்தைக் கண்டவர் கை கொடுக்காமல் கடந்துபோவது எங்கள் நாட்டில் இழவு வீட்டில் சிரிப்பதற்கு ஒப்பு. தல்சூவை ஓரமாக இழுத்தேன்.

"ஏன்டா, இலை பாக்கக் கூப்பிட்டியா, கூலிக்குக் கூப்பிட்டியா?"

"மரம் எங்கயும் நடந்து போயிடாதுடா. கோஸ் நிக்காது, ஊறிப்போச்சு. போன வருஷம் நாங்க ரெண்டே பேரு போட்டு என் இடுப்பே போச்சு. கொஞ்ச நேரம், அவ்வளவுதான்."

ஒக்பூன் புதுச்சட்டையை இழுத்துப் போர்த்துக்கொண்டு மலையையே நோக்கி நின்றாள். அவள் உறுதி குலையாது என்று நம்பினேன். பொங்ரே சாந்தில் நெத்திலிச் சாற்றைக் கவிழ்த்ததுதான் வினையாயிற்று.

"ஐயையோ, இவ்வளவா ஊத்துவாங்க? மீன் சந்தை மாதிரி நாறுமே!"

"தெக்கத்திக் கிம்ச்சிக்கு இது இல்லாம எப்படி அண்ணி? சியோல்ல நீங்க போடறது வெறும் சாலட்."

"சாலட்டா? குடுங்க அந்தக் கையுறைய!"

அதன்பின் இரு தேவியரும் சாந்துக்கு உப்புப் பார்ப்பதில் பொருதனர். நானும் தல்சூவும் கையுறை மாட்டிய பொதிகழுதைகளாகி, கோஸ் சுமந்தோம். பொழுது சாய்ந்தது எவருக்கும் தெரியவில்லை. திடீரென முற்றத்துத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. ஒக்பூன் வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஏங்க... இலை!"

கையுறையைக் கழற்றவும் பொழுதின்றி நால்வரும் தல்சூவின் டில்லர் உழவு வண்டியில் தொற்றிக்கொண்டோம்.

கோயில் வாயிலில் மரங்கள் இன்னும் இலை உதிர்க்கவில்லை. செங்காந்தள் விரல் விரித்ததுபோல் ஒவ்வோர் இலையும் காற்றில் நடுங்கிற்று. ஒக்பூன் அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைந்தது. நிறைந்த கண்ணை, நான் தடுக்குமுன், கையுறையாலேயே துடைத்தாள்.

எழுந்த ஓலத்தில் அந்தி வழிபாட்டு மணியோசை தோற்றது. துறவி ஒருவர் ஓடிவந்து அவள் முகத்தில் ஊற்றுநீரை வார்த்தார்.

"இலையப் பாத்து அழறவங்க வருஷா வருஷம் வருவாங்க தாயே. இந்தளவுக்கு மனசு உருகி அழுதவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

"மனசு இல்ல சாமி, மிளகாய்!"

முதல் துளி விழுந்தது. கிளைகள் சிவப்பைக் கொட்டத் தொடங்கின.

"சீக்கிரம் சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்றாள், இமை மூடியபடி.

"அந்திவானம் மலையிறங்கி வந்து மரந்தோறும்..."

"பாட்டெல்லாம் வேணாம். எவ்வளவு சிவப்பு?"

"உன் மூக்களவு."

அழுதுகொண்டே சிரித்தாள். அவள் கண் திறந்தபோது மழை கனத்திருந்தது. இலையெல்லாம் எங்கள் காலடியில் கிடந்தன. குனிந்து அவற்றைப் பார்த்தாள்.

"ஒரு இமை தட்டற நேரந்தான் பாத்தேன். இதெல்லாம் காட்டினதா ஆகாது. அடுத்த வருஷமும் நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

"கோஸ் ஊறப்போடற தேதிய முன்னாடியே சொல்லிடறேன் அண்ணி" என்றாள் பொங்ரே, சற்றும் கூச்சமின்றி.

வண்டி ஏறுகையில் ஒக்பூனின் புதுச்சட்டை முதுகில் நனைந்த செவ்விலை ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துத் தரலாமென்று கை நீட்டினேன்.

"மொதல்ல போய்க் கையக் கழுவுங்க" என்றாள்.