இன்னும் ஒரு வருஷம் போகட்டும்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு குளியலறை. ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலுக்குக் கொஞ்சம் தெற்கே, பழைய செங்கல் வீடு ஒன்றில். கெர்லிண்ட் ஃபொஸ் என்ற எண்பத்திரண்டு வயது ஜெர்மன் பெண்மணி குளிக்கிற கதிரையில் இருந்தார். நான் அவருடைய தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மிஞ்சிய நேரத்தில் கதை எழுதுகிறேன்.

"நிரு, நான் ஒரு பிள்ளைக்குத் துரோகம் செய்துபோட்டன்" என்றார் அவர், கண்ணை மூடியபடி.

அந்த நிமிடம் எனக்குள் என்ன ஓடியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயோ பாவம் என்று நான் நினைக்கவில்லை. நல்ல தொடக்கம் என்று நினைத்தேன். ஒரு முதிய பெண் ஈரத் தலையோடு அழுகிறார். நான் கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முதல் வாக்கியம் தேடுகிறேன்.*

(* வேலை செய்கிற வீட்டில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினால் மட்டும் சரியா என்று கேட்காதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு ஜனவரிக் காலையில் ரொறன்ரோ மாநகரம்—"

வேண்டாம். இங்கே எழுதப்படும் கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. என்னுடையவற்றில் முக்கால்வாசி.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு காலத்தில் ஜெர்மனியின் மேடைகளை அதிர வைத்த—"

பொய். அவர் எந்த மேடையையும் அதிர வைக்கவில்லை.

மூன்றாவது: "கெர்லிண்ட் மூச்சை உள்ளே இழுக்கும்போது அவருடைய விலா எலும்புகள் குடை விரிவதுபோல இரண்டு பக்கமும் விரியும்." இது உண்மை. பதினேழு வருடமாக இந்த வேலை செய்கிறேன். முதுகு தேய்க்கும்போது கைக்குள் இப்படி விரிகிற உடம்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாட்டு அவரைவிட்டுப் போய்ப் பல காலம். மூச்சு மட்டும் போகவில்லை.

[இன்னொரு சிக்கல். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில். கெர்லிண்டை எந்தத் தமிழில் பேச வைப்பது? புத்தகத் தமிழில் பேச வைத்தால் பாதிரியார் மாதிரி இருக்கிறார். கொச்சையாகப் பேச வைத்தால் சினிமாவில் வரும் வெள்ளைக்காரி. கடைசியில் எங்கள் ஊர்த் தமிழையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் என்னை 'நீர்' என்று கூப்பிடுவதாகவும் நானே முடிவு செய்துகொண்டேன்.]

3.

கெர்லிண்ட் போர்க்காலத்தில் பிறந்தவர், ஒரு தபால்காரரின் மகள். தேவாலயத்தில் பாடி, இசைக் கல்லூரிக்குப் போய், இருபத்துநான்கு வயதில் வடக்கே ஒரு சிறிய துறைமுக நகரத்தின் ஒபரா அரங்கில் சேர்ந்தார். ஒபரா என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டிலேயே நடக்கிற நாடகம். எங்கள் நாட்டுக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மைக் கிடையாது. கெர்லிண்ட் சொப்ரானோ, பெண்குரல்களில் ஆக உயரப் போகிற குரல்.

பதினொரு வருடம் அங்கே பாடினார். வேலைக்காரி, தோழி, நாயகியின் தங்கை. கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டி, இரண்டு நிமிடம் பாடிவிட்டுப் போகிற பெண்கள். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். இறைச்சிக் கடைக்காரர் ஒரு துண்டு கூடப் போட்டுக் கொடுப்பாராம்.

முப்பத்துமூன்று வயதில் ஒருமுறை பெரிய நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கெர்லிண்ட் காலை ரயிலில் போய், வேறொருத்தியின் உடுப்பை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு மேடை ஏறினார். ஒரு சுரம் பிசகவில்லை. முடிந்ததும் அரங்கின் இயக்குநர் பூங்கொத்தோடு வந்து, "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், பிறகு வாரும்" என்றார்.

(இந்தக் கடைசி வரி என் புனைவு. இந்தக் கதை எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அவருக்கு ஒரு காரணம் செய்து கொடுக்கப் பார்த்தேன். அவருக்கும் ஒருவர் இதையே செய்தார் என்றால் நீங்கள் சுலபமாக மன்னித்துவிடுவீர்கள். அடித்துவிடுகிறேன்.)

நடந்தது இதுதான். இயக்குநர் பூங்கொத்தைக் கொடுத்தார், நன்றி சொன்னார், பெயரைப் பிழையாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒருவரும் அவருக்கு அநியாயம் செய்யவில்லை.

"எல்லாம் சரியாப் பாடினன், நிரு. சரியா மட்டும்தான் பாடினன்."

இரண்டு வருடம் கழித்துக் கணவருக்கு ரொறன்ரோவில் பொறியியலாளர் வேலை கிடைத்தது. கெர்லிண்ட் வந்தார், முன்னறையில் பியானோவைப் போட்டார், பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். நாற்பது வருடம். அவரிடம் படித்தவர்கள் கல்யாண வீடுகளில் பாடினார்கள், பள்ளிக்கூடங்களில் இசை படிப்பித்தார்கள். ஜெர்மனிக்குப் பாடப் போனவர் ஒருவரும் இல்லை.

4.

சாம்பவி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ரெக்ஸ்டேலிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்தாள். அப்பா சச்சிதானந்தன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை செய்தார். பள்ளிக்கூடப் பாடகர் குழுவை நடத்திய ஆசிரியை அவளுடைய குரலைக் கேட்டு இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தார்.

சாம்பவி ஒரு வரி பாடினாள். கெர்லிண்ட் எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பிடி ஒரு குரல் அண்டைக்குத்தான் முதன்முதலா இந்த வீட்டுக்குள்ள வந்தது. நான் இத்தனை வருஷம் பாடின வீடு இது, நிரு."

எட்டு வருடம் அவளுக்கு எல்லாவற்றையும் கொடுத்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூச்சு, நிற்கிற விதம், ஜெர்மன் உச்சரிப்பு. ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியையும் தானே பாடிக் காட்டினார். ஐந்தாம் வருடம் பாடிக் காட்டுவதை நிறுத்திவிட்டார். சாம்பவி ஏன் என்று கேட்கவில்லை.

அவளுக்கு இருபத்தாறு வயதானபோது, கெர்லிண்ட் பாடிய அதே துறைமுக நகரத்தில் இளம் பாடகர்களைச் சேர்த்து மேடைக்குப் பழக்கும் ஒரு பள்ளிக்கு ஒலிப்பதிவு அனுப்பினார்கள். அதை நடத்தியவர் ஹார்ட்முட், ஒரு காலத்தில் கெர்லிண்டோடு ஒரே மேடையில் நின்றவர். மே மாதம், காலை பத்து மணிபோல ரெலிபோன் அடித்தது.

"உம்மட பிள்ளையை எடுக்க யோசிக்கிறம், கெர்லிண்ட். ஒரு இடம்தான் இருக்கு. எட்டு வருஷம் பக்கத்தில இருந்து கேட்டனீர். சொல்லும், அவ ஆயத்தமோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று கெர்லிண்ட் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும், ஹார்ட்முட்."

"அடுத்த வருஷம் இருபத்தேழாயிடும். இருபத்தாறுக்குமேல இஞ்ச எடுக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும். குரலை அவசரப்படுத்தக் கூடாது."

ரெலிபோனை வைத்துவிட்டு, நின்றபடியே மூன்று பிஸ்கற் தின்றாராம். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. சாம்பவி பியானோவில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கெர்லிண்ட் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு, "அவங்களுக்குக் காது இல்லை, பிள்ளை" என்றார்.

"ரெலிபோனில சொன்னதைவிட உதுதான் பெரிய பாவம், நிரு."

5.

ஹார்ட்முட்டிடம் ஏன் அப்படிச் சொன்னார்?

"பொறாமையில் வெந்துபோன கெர்லிண்ட்—"

"அவளும் போய்விட்டால் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்ற பயத்தில் கெர்லிண்ட்—"

"குரல் இன்னும் முற்றவில்லை என்று உண்மையாகவே நம்பிய கெர்லிண்ட்—"

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது விறுவிறுப்பாகப் போகிறது. இரண்டாவதில் நீங்கள் அழுவீர்கள். மூன்றாவதை யாரும் நம்பமாட்டீர்கள். கடைசியில் கால்விரல் நகம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரிடமே கேட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றார். "தெரிஞ்சால் நிம்மதி. சிலவேளை அவ உண்மையாவே ஆயத்தமில்லையோ எண்டும் யோசிக்கிறன். பிறகு, அப்பிடி யோசிக்கிறதே என்ர வசதிக்குத்தான் எண்டு தெரியுது."

"அவவிட்டச் சொல்லுங்கோ."

"ஓம். சொல்லத்தான் வேணும்."

சொல்லத் துணிவதற்குப் பத்து மாதம் எடுத்தது.

சாம்பவி கடிதம் வந்த அந்தக் கோடையோடு பாட்டை விட்டிருந்தாள். இப்போது விட்பியில் ஒரு பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. கணவர் கிருபன், நான்கு வயதில் ஒரு மகள். சாமியறையில்கூடப் பாடமாட்டாள் என்று அவளுடைய அம்மா யோகமலர் எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு கெர்லிண்ட் வீட்டுக்கு வந்துவிடுவாள். கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அள்ளுவாள், உயரத்து பல்ப் மாற்றுவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, என்னையும் கூட நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார் கெர்லிண்ட். சாம்பவி ஏணியை மடக்கி வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

"பிள்ளை, அந்த வருஷம் ஹார்ட்முட்—" என்று கெர்லிண்ட் தொடங்கினார்.

"ஐயோ ரீச்சர், அதை விடுங்கோ." சாம்பவி சிரித்தாள். "நான் அந்தளவுக்கு இல்லை. அது எனக்கு எப்பவோ விளங்கியிட்டுது. எனக்கு அதில கவலையே இல்லை. உலகத்தில ஒரு ஆளாவது என்னைக் கடைசிவரைக்கும் நம்பினது எண்டால் அது நீங்கள்தான். எனக்கு அது போதும்."

கெர்லிண்ட் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். பிறகு அவர் சாம்பவியின் கையைப் பிடித்து, "கை குளிர்ந்துபோய்க் கிடக்கு" என்றார்.

அவ்வளவுதான். சாம்பவி போன பிறகு அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

6.

கெர்லிண்ட் பெப்ரவரியில் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு முன் தேவாலயத்தில் மதகுரு சாம்பவியிடம் வந்து, ரீச்சருக்காக ஒரே ஒரு பாட்டுப் பாட முடியுமா என்று கேட்டார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். "இல்லை ஃபாதர். நான் பாடகி இல்லை." யாரோ ஒருவர் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார்.

பிறகு மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

"அக்கா, கடைசி நாளுகளில நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள். ரீச்சர் என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

(இங்கே வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். இன்னொன்றில் பியானோக் கதிரைக்குள் கெர்லிண்ட் எழுதிய கடிதம் ஒன்று கிடைக்கிறது. அந்தக் கதிரையின் மூடியை உண்மையாகவே திறந்து பார்த்தேன். பழைய இசைத்தாள்களும் ஒரு சோடி கண்ணாடியும் இருந்தன.)

"இல்லையம்மா" என்றேன். "கடைசியில அவவுக்குப் பேச்சே குறைவு."

அவள் தலையாட்டினாள். அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று எழுதப் பலமுறை முயன்றேன். முடியவில்லை.

ஏன் பொய் சொன்னேன்? அவளுக்கு இன்றைக்கு இதைத் தாங்க முடியாது, கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன்.

மேலே உள்ள வாக்கியத்தை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன். பிறகு வந்து இருந்து, நான்கு நாளில் இந்த ஆறு பகுதிகளையும் எழுதி முடித்தேன். அச்சடித்தேன். பெயர்களை மாற்றாத பிரதி ஒன்று.

7.

சனிக்கிழமை விட்பிக்கு ரயிலில் போனேன். கிருபன் மகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். சாம்பவி குசினி மேசையில் தாள்களை வைத்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டி வாசித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான். குளியலறை இடத்தில் "ஐயோ அக்கா!" என்று சிரித்தாள். இறைச்சிக் கடைக்காரர் இடத்திலும் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நான்காம் பகுதியில் விரல் நின்றது.

"அக்கா, உது என்ன சொல்? ஆ... யத்... தம்."

"ஆயத்தம்."

"மீனிங்?"

"ரெடி."

அவள் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தாள். அடுத்த வரியையும். நான் எழும்பிச் சப்பாத்து போட்டேன். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, போகாதைங்கோ" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "எனக்கு இன்னும் வாசிச்சு முடியேல்ல."

அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. நான்காம் பகுதியில் அதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் வாயாலே சொன்னேன். ரெலிபோனில் ஹார்ட்முட் முதலாவதாகச் சொன்னது அது: "பத்து வருஷமா நாங்கள் இப்பிடி ஒரு குரலுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறம்." கெர்லிண்ட் எனக்கு அதை ஜெர்மனில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

சாம்பவி வாசித்து முடிக்கும்வரை இருந்தேன். முடித்த பிறகு அவள் ஒன்று சொன்னாள், ஒன்று செய்தாள். இரண்டும் எனக்குத் தெரியும். ரயிலில் வரும்போது மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் நன்றாகவே வந்தன. கிழித்துவிட்டேன். அவளைக் கேட்காமல் அவளுக்கு என்ன நடக்கவேண்டும் என்று வேறொருத்தி முடிவு சொன்னது ஒருமுறை போதும்.