ஓடைக்கு எந்தக் கரை

இங்கிலாந்தின் யார்க்ஷர் மேட்டுநிலத்தில், ஒரு பழைய நாவலின் வாசகர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் நடைக்கு ஹில்டா பிக்கர்ஸ்கில்தான் தலைவி. அந்த நாவலில் வரும் இடிந்த வீட்டுக்கு எல்லோரையும் கூட்டிப்போவாள். அங்கே கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்துவிட்டு, அடுத்த ஆண்டுத் தலைவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்த முறை டெஸ்மண்டும் போட்டிக்கு நின்றார். நாவலை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர். படத்தின் கதாநாயகனைப் போலவே நீளக் கறுப்புக் கோட்டு வேறு. குதிரை வண்டிக் காட்சிக்காகப் படக்காரர்கள் வீடுவரை சரளை கொட்டிப்போட்ட பாதை ஒன்று ஓடையின் அக்கரையில் இருந்தது. அதில் கால் வைப்பது புத்தகத்துக்குச் செய்யும் துரோகம் என்று ஹில்டா சங்கத்தில் தீர்மானமே போட்டிருந்தாள்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. மற்ற ஆண்டுகளில் வீட்டுச் சுவர் தூரத்திலேயே தெரியும். அதைப் பார்த்தே நடந்துவிடுவார்கள். இன்று எதுவும் தெரியவில்லை. ஹில்டா அசரவில்லை. கதாநாயகி ஓடை வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்து வீடு சேர்ந்தாள் என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு முன்னே போனாள். அது சதுப்பு என்று டெஸ்மண்ட் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

நாலு எட்டுக்குள் இடுப்புவரை சேற்றில் நின்றாள். மற்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றி ஒரு நுனியை நீட்டினார்.

“பிடிச்சுக்கோங்க தலைவியம்மா. இது படத்துக் கோட்டு. பரவாயில்லையா?”

“கோட்டுமேல தீர்மானம் எதுவும் போடல. இழுங்க.”

கரையேறியபோது ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஹில்டா புத்தகத்தை மூடினாள்.

“எழுதினவங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அடுப்படியில உக்காந்து ஓடையை இடம் மாத்திட்டாங்க. நானும் இத்தனை வருஷம் பார்க்காம விட்டுட்டேன். வாங்க, அக்கரைக்குப் போவோம்.”

ஒற்றைக் காலுறையோடு சரளையில் முதலில் கால் வைத்தவள் அவள்தான். வழி நெடுக யாரும் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று மட்டும் கண்டித்துச் சொன்னாள்.

இடிந்த வீட்டில் வாசிப்பு முடிந்ததும் ஹில்டாவின் பெயரைச் சொன்னார்கள். முதலில் உயர்ந்தது டெஸ்மண்டின் கை.

“என்னய்யா, நீங்க போட்டிக்கு நிக்கலையா?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“எனக்குப் பாதைதான் தெரியும். அவங்க நம்ம எல்லாருக்கும் முன்னாடி சேத்துல இறங்கினாங்க, ஏறினதும் தப்பை ஒத்துக்கிட்டாங்க. நான்னா கோட்டைக் குறை சொல்லியிருப்பேன்.”

ஹில்டா கைகளை எண்ணவில்லை. எல்லாமே மேலே இருந்தன.