மேக்கில் ஏறிய லாரி

"மேக்ல விண்டோஸா? எதுக்கு மேடம்?" என்று கேட்டார், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வருபவர்.

"லாரி ஓட்ட" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, தலையைச் சொறிந்தார். நான் பதினோரு வருடமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவள். இரண்டு எழுத்துக்கு நடுவே மயிரிழை கூடினாலும் எனக்குக் கண் உறுத்தும். இப்படிப்பட்டவள் லாரி என்றால் யாருக்கும் குழப்பம்தான்.

விஷயம் இதுதான். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டிய அப்பா, முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தம்பி விட்டுப் போன விண்டோஸ் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் குளித்து, சட்டை மாட்டி, நிஜமாகவே வண்டி எடுக்கப் போவதுபோல் போய் உட்காருகிறாராம்.

"ரிடையர் ஆகியும் மனுஷன் வீட்டுக்கு வந்த பாடில்ல" என்று அம்மா போனில் புலம்பினாள்.

இரண்டு பேர் ஆளுக்கொரு வீட்டிலிருந்து சேர்ந்து ஓட்டலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, அப்பாவோடு ஒரு ட்ரிப் போவது. கேட்கும்போதெல்லாம் "அடுத்த ட்ரிப்" என்பார். எட்டு வயதில் ஒருநாள் ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கிவிட்டேன். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. அப்பா எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவர். வெறுங்காலோடு ஓடிவந்த என்னைப் பார்த்து, "செருப்பு எங்க?" என்றார்.

எடுக்க ஓடினேன். ஒன்று கதவோரம் கிடந்தது, மற்றது கட்டிலுக்கு அடியில். வெளியே வந்தபோது புகைதான் மிச்சம். ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாகத் தெருமுனைவரை ஓடினேன். லோடு ஏத்த நேரமாயிடுச்சாம் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நானும் கேட்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ வண்டிகளில் எங்கெங்கோ போய்விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ட்ரிப் எனக்கு முப்பத்தெட்டு வயதிலும் வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டு விண்டோஸில்தான் ஓடும். என்னிடம் இருப்பதோ பழைய மேக். "பழசா இருக்கிறது நல்லதாப் போச்சு, புதுசுல இந்த வித்தை நடக்காது" என்ற கம்ப்யூட்டர்காரர், டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸை ஏற்றினார். பாகப்பிரிவினை. பிரிந்த அண்ணன் தம்பி போல, ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் தலைகாட்ட மாட்டார். ஆன் செய்யும்போது ஒரு கீயைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் என்று கேட்கும். பிடிக்க மறந்தால் நேரே மேக்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் புறப்பாடு என்றார் அப்பா. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர் லாரி தயாராக நின்றது.

"பாப்பா, பின்னாலயே வா. என் வண்டிய கண்ணுல இருந்து விட்டுடாத" என்றது மைக்கில் அவர் குரல்.

என் லாரி குடித்தவன் நடையில் பின்தொடர்ந்தது. மேக் சூடேறி உள்ளே விசிறி இரைந்தது, அதுவும் இன்ஜின் சத்தமாகவே கேட்டது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், மலை ஏறும்போது எந்த கியர், இறங்கும்போது எந்த கியர் என்று பேசிக்கொண்டே போனார். முடியவே கூடாது என்று நினைத்தேன்.

"முன்னால வளைவு. ஹாரன் அடி. ஸ்பேஸுக்கு இடது பக்கம் ஒட்டினாப்ல இருக்குமே, அந்த கீ."

அழுத்தினேன். சாலை, லாரி, அப்பா எல்லாம் போய் விண்டோஸ் மெனு வந்து நின்றது. அவர் கீபோர்டில் அந்த இடத்தில் இருப்பது ஆல்ட். என்னுடையதில் கமாண்ட். விண்டோஸ் பக்கம் அதை அழுத்தினால் மெனுதான் வருமாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கைக்கு வந்ததையெல்லாம் அமுக்கி, கடைசியில் பவர் பட்டனையும் அமுக்கினேன். மறுபடி ஆன் செய்த அவசரத்தில் கீயைப் பிடிக்க மறந்தேன். பாதியில் விட்ட பாடப்புத்தகத்தோடு மேக் வந்து பல்லைக் காட்டியது. அணைத்து, கீயைப் பிடித்து, விண்டோஸ் பக்கம் போனால், வாரம் முழுக்க நான் தள்ளிப்போட்ட அப்டேட் ஆரம்பித்துவிட்டது. நான்கு சதவீதம்.

அப்பா போனை எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா வண்டில இருக்காரு" என்றாள். "ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாருன்னு தெரியாதா? இறங்கினதும் சொல்றேன்."

"அம்மா, அது கேம்."

"அதை நீயே அவர்கிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

சிறுவயது முழுக்க நான் கேட்ட வாக்கியம் அது. வண்டில இருக்காரு. திரையில் சதவீதம் நகர நகர, நான் மறுபடியும் அந்தத் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருந்தேன். இந்நேரம் மலை இறங்கி, லோடு இறக்கி, அடுத்த ட்ரிப் எடுத்திருப்பார். அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்காகவா என்று என் மேலேயே எரிச்சலும் வந்தது.

ஐம்பது நிமிடம் கழித்து விளையாட்டைத் திறந்தேன். என் லாரி அந்த வளைவுக்கு முன்னால் தனியாக நிற்கும் என்று நினைத்தேன். எதிரே, சாலையோரம், அப்பாவின் லாரி ஒதுங்கி நின்றது. நான்கு இண்டிகேட்டரும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன.

"அப்பா, இன்னுமா நிக்கிறீங்க?"

"ம்."

"லோடுக்கு நேரம் தாண்டியிருக்குமே."

"தாண்டிருச்சு."

 தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என்ன பாப்பா, செருப்பு எடுக்கப் போனியா?"

மைக்கை மூடிக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திறந்தேன்.

"ஆமாப்பா. ஒண்ணு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு."

"போட்டுக்கிட்டு மெதுவா வா" என்றார். "நிக்கிறேன்."