இருநூறு நோயாளிகள்

மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாளாகியும், அங்கே உருவாக்கிக்கொண்டிருந்த பல் மருத்துவமனைச் செயலி அவளுடைய லேப்டாப்பில் ஓடவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான்கு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, அவர் போனபின் நாற்பத்தோரு வயதில் மறுபடி கிடைத்த வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள்.

செயலியை நிறுவும் முறை பதினேழு படிகளாக ஒரு பக்கத்தில் இருந்தது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முறுக்கிக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரனை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், தன்னுடைய அமைப்புக் கோப்பையே அனுப்பிவைத்தான். அதைப் போட்டதும் எல்லாம் வழிக்கு வந்தது. பதினாறாவது படி, டேட்டாபேஸை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொன்னது. தன் லேப்டாப்பில் இருப்பதுதானே என்று கமாண்டை அடித்தாள். பதினேழாவதில் செயலி திறந்தது. நான்கு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

அப்போதுதான் எதிர் வரிசையிலிருந்து, செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்கா, தன் நோயாளிகளெல்லாம் எங்கே போனார்கள் என்று பொதுவாகக் கேட்டாள். திங்கட்கிழமை மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக, மூன்று வாரம் உட்கார்ந்து இருநூறு கற்பனை நோயாளிகளைத் தட்டி ஏற்றியிருந்தாள் அவள்.

இவள் தாடி அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாள். அதிலிருந்த டேட்டாபேஸ் முகவரி தன் லேப்டாப்புடையது அல்ல. எல்லோரும் சோதித்துப் பார்க்கும் பொதுச் சர்வருடையது. சோதனைக்குத்தானே என்று அதற்கு யாரும் நகல் எடுத்து வைக்கவில்லை.

தாடி திரும்பாமலே இவளிடம் முணுமுணுத்தான். "அக்கா, சும்மா இருங்க. பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒண்ணுதான், யார் அழிச்சதுன்னு தெரியாது. சர்வர் கோளாறுன்னு விட்டுடுவாங்க."

அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடம் தினமும் காலையில் அப்பாவிடம், சரியாகிவிடும் என்று சொல்லிவந்திருக்கிறாள். அவரும் தலையாட்டுவார். நேர்மை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு பொய்யைச் சுமந்துகொண்டு தினமும் இதே நாற்காலிக்கு வரத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

எழுந்து போனாள். "நான்தான் அழிச்சேன். தெரியாம."

டெஸ்டர் அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் சேர்ந்தப்பவும் நான் போட்டு வெச்சதெல்லாம் இப்படித்தான் காணாமப் போச்சு. சர்வர் கோளாறுன்னாங்க. நானும் நம்பித் தொலைச்சேன்."

தாடி திடீரென்று மும்முரமாக எதையோ தட்டத் தொடங்கினான்.

"மேனேஜர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி இருக்கும்."

சொன்னாள். திங்கட்கிழமைக்குள் இருநூறு பேரும் திரும்பியிருக்க வேண்டும் என்றார் அவர். நிரந்தரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது டெஸ்டர் அக்கா தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். ஞாபகத்திலிருந்து சொல்வதாகவும், இவள் அடித்தால் போதும் என்றும் சொன்னாள்.

"முதல்ல என் நாத்தனார். கடைவாய்ப் பல்லு நாலு. எல்லாத்தையும் புடுங்கணும்."

"மரத்துப்போற ஊசி போட்டாச்சான்னு திரையில கேக்குது."

"இல்லைன்னு போடுங்க."

அவள் போட்டாள். அடுத்த பெயருக்குக் காத்திருந்தாள்.