கறுப்பு வயரும் வெள்ளை வயரும்

உயரம் குறைந்த அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் வேணுகா முழங்காலில் நின்றாள். அம்ப்ளிஃபயரின் முதுகில், ஸ்பீக்கருக்குப் போகும் வெள்ளை வயர் செருகியிருந்தது. பக்கத்தில், தரையில், கறுப்பு வயர். வெள்ளை, கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவது. கறுப்பு, தோட்டத்துக் குழாய்த் தடிப்பில், வெல்வெட் பெட்டிக்குள் வைத்து ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

அறை நடுவில், தரையில் ஒட்டுநாடாவால் குறி வைத்த இடத்தில் கதிரை போட்டு, கணவன் குலேந்திரன் கண்ணை மூடி இருந்தான். கோயிலில்கூட அவன் அப்படி இருந்து அவள் கண்டதில்லை.

சாப்பாட்டு மேசையை ஈஸ்டருக்கு முன்னமே கெல்லரில் இறக்கிவிட்டான். மேசையில் சத்தம் பட்டுத் தெறிக்குதாம். அன்றிலிருந்து நிலவறையில் மேசை, மடியில் தட்டு. இன்று காலை சோற்றுச் சட்டியோடு அவள் வயரில் தடக்கியபோது இருவருக்கும் வாய்த்தர்க்கம். முடிவில் பந்தயத்தை அவனேதான் சொன்னான். வித்தியாசம் தனக்குப் பிடிபடாவிட்டால் வயர் முழுக்கக் கெல்லருக்கு. மேசை மேலே.

முதல் தடவை வெள்ளை வயரில் பாட்டு ஓடி முடிந்தது.

"போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு," என்றான். "மாத்தும்."

வேணுகா குனிந்து இழுத்தாள். வரவில்லை. கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்திய கை. இன்னும் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, எக்கேடாவது கெடட்டும் என்று, நகத்தால் அம்ப்ளிஃபயரைச் சுரண்டிச் சத்தம் காட்டினாள்.

"மாத்தியாச்சு."

அதே பாட்டு. அதே வயர்.

"இதுதான்," என்றான் குலேந்திரன். "வேணு, கேக்குதோ? பாடுறவ மூச்சு எடுக்கிறதும் கேக்குது."

மேசை மேலே வந்த மாதிரித்தான். ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழுந்தாள், வாயைத் திறந்தாள்.

அவனோ நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தான். ஓல்டன் நகரத்தில் பார்சல் பிரிக்கும் பெல்ட்டின் இரைச்சலுக்குள் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன். வீட்டில் 'ஓம்', 'ம்' என்பதோடு சரி. இப்போது வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எவ்வளவு பின்னால் என்று கையால் காற்றில் காட்டினான்.

"நீர் வந்து இதில இரும். நான் வெள்ளையை மாத்திறன். உமக்கே தெரியும்."

"வேண்டாமப்பா. விடுங்கோ."

அவன் அதற்குள் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டான். வேறு வழியில்லாமல் அவள் கதிரையில் அமர்ந்தாள். அந்தக் கதிரையில் அவள் இருந்தது அதுதான் முதல்தடவை. முன்னால், மேசைக் கால்கள் நின்ற இடத்தில் நாலு வெளிறிய வட்டங்கள். அலுமாரிக்கு மேலால் அவன் முதுகு தெரிந்தது. வெள்ளை வயர் செருகியபடியே இருந்த இடத்துக்கு மேல், குனிந்த முதுகு அப்படியே நின்றது. வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது. பிளக்கைக் கழற்றும் சத்தம் வருமென்று பார்த்திருந்தாள். வரவில்லை.

"மாத்தியாச்சு," என்றது அலுமாரிக்குப் பின்னாலிருந்து குரல்.

பாட்டுத் தொடங்கியது.

"எப்பிடிக் கிடக்கு?"

முதுகு இன்னும் திரும்பவில்லை. வேணுகா கண்ணை மூடினாள். இரண்டாவது அடிக்கு முன்னால் பாடகி மூச்சு எடுப்பது அவளுக்கும் கேட்டது.