பின்பக்கக் கொக்கி

அந்தப் பட்டைக்கு அக்காவும் தங்கையும் வைத்திருந்த பெயர் மூட்டை. இடுப்பில் மாட்டிக்கொள்கிற பட்டைதான், ஆனால் பின்னால் மூன்று வலைப் பைகள் தொங்கும். நீந்த ஆரம்பித்ததும் பைகள் தண்ணீரை வாரி நிரப்பிக்கொண்டு ஆளைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கழற்றிப் போட்டால் உடம்பு சும்மா பறக்கும். சும்மா நீந்தவே மூச்சு வாங்குகிற வயதில் மூட்டை வேறு கட்டிக்கொண்டு நீந்துகிறார்களே என்று வீட்டில் எல்லோருக்கும் இவர்களைக் கண்டால் சிரிப்பு.

பட்டையின் கொக்கி முன்னால் இருந்தால், சுவரருகே குட்டிக்கரணம் அடித்துத் திரும்பும்போது வயிற்றில் குத்தும். அதனால் இருவரும் கொக்கி முதுகுப்பக்கம் வருகிற மாதிரிதான் மாட்டுவார்கள். ஈர விரலுக்கு, பார்க்காமல் தடவினால், அது லேசில் பிடி கொடுக்காது. ஆகவே ஒருத்தியின் கொக்கியை மற்றவள் கழற்றிவிட வேண்டும். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை.

எட்டு மாதமாக அக்கா நீச்சல் குளத்துக்குத் தனியாக வருகிறாள். பட்டையை முன்னுக்குத் திருப்பி, வயிற்றில் குத்தினால் குத்தட்டும் என்று தானே மாட்டித் தானே கழற்றிக்கொள்கிறாள். ரப்பர் கயிற்றுப் பயிற்சிதான் இன்னும் மோசம். கயிற்றின் ஒரு முனை பட்டையில், மறுமுனை கரையில் நிற்பவள் கையில். கயிறு விறைக்கும்வரை நீந்திப் போய், அங்கேயே நகராமல் கைகால் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கரையிலிருந்து இரண்டு முறை சுண்டினால் போதும், திரும்பு என்று அர்த்தம். இப்போது கயிற்றை ஏணிக் கம்பியில் கட்டிவிட்டு நீந்துகிறாள். ஏணி எந்தக் காலத்தில் சுண்டியது? மனசுக்குள் நூறு எண்ணி, தனக்குத் தானே போதும் சொல்லிக்கொண்டு திரும்புவாள். கரையில் ஈரத் தரையைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "நீ கண்ணு வரைக்கும்தான், நான் எலும்பு வரைக்கும் பாப்பேன்" என்று தங்கை சீண்டுவாள். அந்தச் சீண்டலில் உண்மை எவ்வளவு என்று அக்கா அப்போது யோசிக்கவில்லை.

நடந்தது போன வருடத் தொடர் நீச்சலில். நாற்பது வயது தாண்டிய பெண்கள், அணிக்கு நான்கு பேர். தங்கை மூன்றாவது, அக்கா நான்காவது. உடம்புச் சூடு ஆறக்கூடாதென்று தங்கை கடைசி நிமிடம்வரை பக்கத்துச் சிறு குளத்தில் மூட்டையோடு நீந்திக்கொண்டிருந்தாள். இரண்டாமவள் பாதி தூரம் வந்தபோது மேடையேறி, அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண் முழுக்க வந்துகொண்டிருந்தவள் கைமேல். அக்காவின் விரல் கொக்கியில் பட்டது.

எப்போதும் தங்கைதான் வேகம். இரண்டே செகண்டு. ஆனால் பன்னிரண்டு வருடமாக அதே இரண்டு செகண்டு. ஒவ்வொருத்தியின் நேரத்தையும் தனித்தனியே போடும் அறிவிப்புப் பலகையில் தங்கை பெயர் மேலே, தன் பெயர் கீழே. ஒருமுறை, ஒரே ஒருமுறை மாறினால் என்ன என்று எந்தப் பாழாய்ப்போன நேரத்தில் தோன்றியதோ. விரலை எடுத்துக்கொண்டாள். தங்கை மூட்டையோடே குதித்துவிட்டாள்.

மயிரிழையில் அணிக்குப் பதக்கம் போயிற்று. பலகையில் அக்காவின் பெயர் மேலே ஏறியது. "கழட்ட மறந்துட்டேன்" என்று தங்கை எல்லோரிடமும் தலைகுனிந்து நின்றாள். அன்றோடு குளத்துப் பக்கம் வருவதை விட்டாள். கூப்பிட்டபோதெல்லாம் டியூட்டி என்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அக்காவுக்கு எத்தனையோ முறை வாய்வரை வந்தது. அத்தனை முறையும் மென்று விழுங்கினாள். தங்கை இல்லாத குளம் அக்காவைத் தின்றுகொண்டிருந்தது.

இன்று லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தங்கை வருவதாகக் கவுண்டர்காரர் சொல்லியிருந்தார். விட்டால் இனி கிடைக்கமாட்டாள். அக்கா விடியற்காலையிலிருந்தே கரையில் உட்கார்ந்து காத்திருந்து, தங்கை வந்ததும் கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம் உக்காருடி."

"சாவி குடுத்துட்டு ஓடணும்கா. எட்டு மணி டியூட்டி."

"அன்னிக்கு நீ ஒண்ணும் மறக்கல." அக்கா சட்டென்று சொன்னாள். "நான்தான் கொக்கியில கை வெச்சுட்டு எடுத்துட்டேன். வேணும்னேதான்."

தங்கை சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவது நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.



"உன் விரல் பட்டுச்சு. கழட்டியாச்சுன்னு நெனச்சுக் குதிச்சேன். தண்ணிக்குள்ள போனதும் புரிஞ்சுடுச்சு."

"அப்புறம் ஏன்டி மறந்துட்டேன்னு சொன்னே?"

"வேற என்ன சொல்லட்டும்? எங்கக்கா பொறாமப்பட்டுட்டான்னு சொல்லவா?" தங்கை தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள். "அதக்கூட விட்டுடலாம்கா. ரெண்டு செகண்டுக்கு ஆசப்பட்டே, சரி. ஆனா அன்னிக்கு வீட்டுல என் தலையத் துவட்டிக்கிட்டே, 'விடுடி, மறதி எல்லாருக்கும் வர்றதுதான்'னு ஆறுதல் சொன்னே பாரு. எப்படிக்கா உனக்கு வாய் வந்துச்சு?"

அக்கா அழுதாள். தங்கை அழவில்லை. கீழே கிடந்த மூட்டையை எடுத்தாள்.

"எந்திரி. கயிறு பிடிக்கிறேன்."

அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தங்கை பட்டையைச் சுற்றி, பழையபடி முதுகுப்பக்கம் கொக்கியை மாட்டினாள். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாதம் ஆயிற்று. அக்கா சிறு பிள்ளை மாதிரி தண்ணீரில் குதித்தாள்.

கயிறு விறைத்தது. கைகால் அடித்தாள். நூறு எண்ணவில்லை, எண்ண வேண்டிய அவசியம் என்ன? கரையில் ஆள் இருக்கிறது. சுண்டல் வரவில்லை. தண்டனை போலிருக்கிறது, கொடுக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். தோள் எரிந்தது. மூச்சு முட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடித்துப் பார்த்து, கடைசியில் கை ஓய்ந்துபோனதும், ரப்பர் அவளைச் சுவர்வரை இழுத்து வந்து விட்டது.

கரையில் யாரும் இல்லை. சாவி கவுண்டர் மேசைமேல் இருந்தது.

கயிற்றைச் சும்மா விட்டுவிட்டுப் போயிருந்தால் அது சாட்டையாக வந்து அக்காவின் முதுகைப் பதம் பார்த்திருக்கும். தங்கை அப்படிச் செய்யவில்லை. ஏணிக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டு, இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

பட்டையை முன்னுக்குத் திருப்பிக்கொண்டால் ஒரு நொடியில் கழற்றிவிடலாம். எட்டு மாதப் பழக்கம். அக்கா திருப்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், தங்கை மாட்டிய கொக்கியை விரலால் தொட்டபடி, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுநேரம் நின்றாள்.